மஞ்சள் நிறம் சொல்லும் செய்தி



ஊரைவிட்டு வந்த நம் பெற்றோர் ரயிலில் சுமந்துவந்த தகரப் பெட்டியை நம்மில் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டோம். திருமணப் படங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், நிலப் பத்திரத்தின் நகல், ஊரிலிருந்து வந்த இன்லண்டு கடிதங்கள் யாவும் அதற்குள் இருந்தன. தாராவியில் ஒற்றை அறைக்குள் வாழ்ந்த குடும்பத்திலும் அந்தப் பெட்டிக்கென்று கட்டிலின் கீழே ஓர் இடம் உண்டு. இன்றோ அதன் இடத்தை உள்ளங்கையளவான ஒரு கருப்புப் பெட்டி பிடித்துக்கொண்டது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்று நாம் அழைக்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

தகரப் பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பெட்டி பழுதுபடுவது வெளியே தெரிவதில்லை. ஆயினும் பல சமயங்களில் அது முன்கூட்டியே நம்மை எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை வாசிக்கத் தெரியாமல் நான் செய்த ஒரு பிழையை முதலில் கூறிவிடுகிறேன். அதே பிழையை உங்களில் ஒருவரும் செய்யாதிருக்கவேண்டும் என்பதே இம்மாதம் இதை எழுதுவதன் நோக்கம்.

நூற்றுக்கு நூறு என்று எண்ணினேன்

எங்கள் சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் மும்பையில் முப்பது ஆண்டுகளாக வாழ்பவர். அவருடைய அம்மா சாத்தான்குளத்திற்கு அருகே உள்ள சொந்தக் கிராமத்தில் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பதினான்கு நிமிடங்கள் பேசியதை இவர் கைப்பேசியில் பதிவுசெய்து, பின்பு ஹார்டு டிஸ்கில் சேமித்துவைத்தார். தாத்தா பனையேறிய காலம், வீடு கட்டிய வருஷம், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த காரணம் எல்லாம் அதில் இருந்தன. கைப்பேசியை மாற்றியபோது அதிலிருந்த பதிவு போய்விட்டது. ஹார்டு டிஸ்கில் இருந்தது மாத்திரமே மிஞ்சியது.

ஒருநாள் அவருடைய மகன் கணினியில் ஒரு சோதனை நிரலை இயக்கியிருக்கிறான். மேலே மஞ்சள் நிறத்தில் "காஷன்" என்று வந்தது. அவர் அத்திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "ஐயா, இது என்னவென்று பாருங்கள்" என்று கேட்டார். நான் பார்த்தேன். வரிக்கு வரி 100, 100, 200 என்று எண்கள் இருந்தன. "நூற்றுக்கு நூறு இருக்கிறதே அம்மா, கவலைப்படாதீர்கள்" என்று பதில் எழுதினேன்.

ஐந்து மாதங்கள் கழித்து அந்த டிஸ்க் திறக்க மறுத்தது. கோப்புறையைத் தொட்டவுடன் கணினி உறைந்துநின்றது. அப்பொழுதுதான் அந்தப் பழைய படத்தை எடுத்து மறுபடியும் வாசித்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வரியில், பல சுழியங்களுக்குப் பின்னால் 18 என்ற எண் இருந்தது. நான் பார்த்திருக்கவேண்டிய எண் அதுவே.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

ஹார்டு டிஸ்கிற்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடுகள் சுழல்கின்றன. நாம் பையில் கொண்டுசெல்லும் சிறிய வகைகளில் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். தகட்டின்மேல் ஒரு சிறு முனை தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி வாசிக்கிறது, எழுதுகிறது. ஆகவேதான், சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க் மேசையிலிருந்து ஒரு முழ உயரம் விழுந்தாலும் போதும், பெரும் கேடு நேரிடக்கூடும்.

தகட்டின் பரப்பு செக்டார் எனப்படும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு செக்டாரில் 512 அல்லது 4,096 பைட் அளவு செய்தி அடங்கும். ஒரு கட்டம் கெட்டுப்போனால் அதற்கு ஈடாகப் பயன்படுத்துவதற்கு உதிரிக் கட்டங்களையும் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். எத்தனை கட்டங்கள் கெட்டன, எத்தனை மாற்றப்பட்டன, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சூடேறியது என்று டிஸ்க் தனக்குத்தானே ஒரு கணக்கு எழுதிவைக்கிறது. இந்தக் கணக்கின் பெயர் "ஸ்மார்ட்". 1992-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்காக இத்தகைய முன்னெச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தது. பின்பு காம்பாக் நிறுவனமும் டிஸ்க் தயாரிப்பாளர்களும் 1990-களின் நடுவில் அதை எல்லாருக்கும் பொதுவான முறையாக்கினார்கள்.

இந்தக் கணக்கை வாசித்துக்காட்டும் இலவச நிரல்கள் உண்டு. விண்டோஸ் கணினியில் பலரும் பயன்படுத்துவது ஜப்பானில் உருவான "கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ". நலமாயிருந்தால் நீல நிறத்தில் "குட்", கவனம் தேவையானால் மஞ்சள் நிறத்தில் "காஷன்", நிலை மோசமானால் சிவப்பு நிறத்தில் "பேட்" என்று அது காட்டும்.

எந்தப் பத்தியை வாசிக்கவேண்டும்?

நான் இடறியது இங்கேதான். ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது, இப்போதைய மதிப்பெண். இரண்டாவது, இதுவரை கண்ட மிகக் குறைந்த மதிப்பெண். மூன்றாவது, தாண்டக்கூடாத எல்லை. நான்காவது, மூல எண். முதல் மூன்றும் தயாரிப்பாளர் தாமே வகுத்துக்கொண்ட மதிப்பெண்கள். அவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் 100 அல்லது 200-இல் தொடங்கி, பழுது கூடக்கூடக் குறையும். எல்லையைத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோதான் டிஸ்க் தன்னைத் தானே "தோல்வி" என்று அறிவிக்கும். இருபத்துநான்கு கட்டங்கள் வாசிக்கமுடியாமற்போனாலும் மதிப்பெண் 100-ஆகவே நிற்கக்கூடும். உண்மையான எண்ணிக்கை மூல எண்ணில் இருக்கிறது.

அந்த மூல எண்ணும் நாம் பள்ளியில் படித்த பத்தடிமான எண் அன்று. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அதை வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. அங்கே 18 என்றால் நம் கணக்கில் 24. நிரலின் அமைப்பில் இதைப் பத்தடிமானத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.

கணினி "நலம்" என்கிறது, நிரலோ "கவனம்" என்கிறது, எதை நம்புவது என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டும் பொய் சொல்லவில்லை. முன்னது எல்லையைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்கிறது. பின்னது சில முக்கியமான மூல எண்கள் சுழியத்தைவிட்டு நகர்ந்தவுடனே சொல்லிவிடுகிறது. நம் வீட்டுச் செல்வத்தைக் காக்க விரும்புகிறவர்கள் பின்னதற்குச் செவிகொடுப்பதே நல்லது.

கவனிக்கவேண்டிய எண்கள்

வரிகள் பல இருந்தாலும் ஒரு குடும்பம் அறிந்திருக்கவேண்டியவை சிலவே. ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில் அடையாளக் குறி இருக்கும்.

05 என்பது, கெட்டுப்போனதால் உதிரிக் கட்டத்திற்கு மாற்றப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. இது ஒன்றிரண்டில் நின்று, மாதக்கணக்கில் கூடாதிருந்தால் அந்த டிஸ்க் இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடும். வாரத்திற்கு வாரம் ஏறினால் அதன் முடிவு நெருங்குகிறது என்று அறியவேண்டும்.

சி5 என்பது, வாசிக்கமுடியாமல் நிற்கிற, இன்னும் தீர்மானிக்கப்படாத செக்டார்களின் எண்ணிக்கை. இதுவே நான் தவறவிட்ட வரி. 05-இல் உள்ளவை நடந்துமுடிந்த மாற்றங்கள். சி5-இல் உள்ளவையோ, உங்கள் கோப்பு ஒன்றின் பகுதி இந்த நேரத்திலேயே எட்டாத இடத்தில் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றன. அந்தக் கட்டத்தின்மேல் புதிதாக எழுதும்போது டிஸ்க் அதைச் சோதித்து, நன்றாயிருந்தால் மீண்டும் ஏற்றுக்கொள்ளும், இல்லையேல் மாற்றிவிடும். ஆகையால் ஃபார்மட் செய்தபின் சி5 சுழியமாகிவிடுவதைக் கண்டு, "டிஸ்க் குணமாகிவிட்டது" என்று சிலர் மகிழ்கிறார்கள். எண் மறைந்ததோடு அதிலிருந்த படங்களும் மறைந்தன என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

சி6 என்பது, டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கையில் திருத்தவே முடியாமற்போன செக்டார்களின் எண்ணிக்கை. சி5-உம் சி6-உம் சேர்ந்து ஏறினால் தாமதம் கூடாது.

சி7 என்பது வேறு வகை. செய்தி கடந்துபோகும் இணைப்பில் நேர்ந்த பிழைகளை அது காட்டுகிறது. எக்ஸ்டர்னல் டிஸ்கில் இது பெட்டிக்கு உள்ளே இருக்கும் இணைப்பைப் பற்றியது. வெளியே தொங்கும் யூ.எஸ்.பி. கேபிளின் பழுது இதில் பதிவாவதில்லை. அது டிஸ்க் இடையிடையே துண்டிக்கப்படுவதாக வெளிப்படும். டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்பட்டு, 05, சி5, சி6 மூன்றும் சுழியமாயிருந்தால், முதலில் வேறு கேபிளையும் வேறு துளையையும் மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க் கேபிளின் குற்றத்திற்காக நல்ல டிஸ்கை எறிந்தவர்களும் உண்டு.

09 என்பது ஓடிய மணி நேரம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. மும்பை லாமிங்டன் ரோட்டிலோ, டெல்லி நேரு பிளேஸிலோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ குறைந்த விலைக்கு டிஸ்க் வாங்குகிறவர்கள் இந்த வரியை முதலில் பார்க்கவேண்டும். புதியது என்று வாங்கியதில் பல்லாயிரம் மணி நேரம் காட்டினால் அது புதியதன்று.

01, 07 ஆகிய வரிகளைக் கண்டு அஞ்சவேண்டாம். சீகேட் நிறுவனத்தின் பல டிஸ்குகளில் இவற்றின் மூல எண் கோடிக்கணக்கில் தோன்றும். அது பிழைகளின் எண்ணிக்கை மாத்திரமன்று. வாசித்த தடவைகளின் கணக்கும் அதனுள் கலந்திருப்பதால் அவ்வாறு தெரிகிறது.

பெட்டியும் மறைக்கும், கணினியும் குழப்பும்

எக்ஸ்டர்னல் டிஸ்கிற்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் டிஸ்கிற்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு மின்பலகை மொழிபெயர்ப்பாளனைப்போல் நிற்கிறது. சில பலகைகள் ஸ்மார்ட் கணக்கைக் கணினிக்குக் கடத்துவதில்லை. நிரலில் உங்கள் டிஸ்கே தோன்றாவிட்டால் அது கெட்டுவிட்டது என்றும் பொருளில்லை, நலமாயிருக்கிறது என்றும் பொருளில்லை. தயாரிப்பாளரின் சொந்தச் சோதனை நிரலைப் பயன்படுத்திப் பாருங்கள்.

விண்டோஸ் காட்டும் செய்திகளையும் பகுத்தறியவேண்டும். "இந்த டிரைவில் சிக்கல் உள்ளது, சோதித்துச் சரிசெய்யவும்" என்ற செய்தி பெரும்பாலும் டிஸ்கை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கியதால் வருவது. அது ஏட்டில் உள்ள பிழையைக் குறிக்கிறதேயன்றி, தகட்டின் பழுதைக் கட்டாயமாகக் குறிப்பதில்லை. ஆனால் "பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யவேண்டும்" என்று கேட்டால், கையை எடுத்துவிடுங்கள். கணினியால் ஏட்டை வாசிக்கமுடியவில்லை என்பதே அதன் பொருள். உள்ளே உங்கள் கோப்புகள் முழுமையாக இருக்கக்கூடும். அந்தப் பொத்தானை அழுத்தினால், மீட்கக்கூடியதையும் நாமே கடினமாக்கிவிடுவோம்.

எச்சரிக்கை வராதிருந்தால்?

2007-ஆம் ஆண்டு கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் அதிகமான டிஸ்குகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். தன் பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை கண்ட டிஸ்க், அப்படிப் பிழை காணாததைவிட அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆகவே எச்சரிக்கையை அசட்டை செய்யலாகாது. அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்லிற்று. செயலிழந்த டிஸ்குகளில் 56 சதவீதத்திற்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அடையாளங்களில் ஒன்றையும் காட்டாமலே செயலிழந்தன.

2016-இல் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனமும் தன் கணக்கை வெளியிட்டது. அவர்கள் கவனிக்கும் ஐந்து அளவீடுகளுள் 05, சி5, சி6 மூன்றும் அடங்கும். செயலிழந்தவற்றில் 76.7 சதவீதம் இந்த ஐந்தில் ஒன்றையாவது முன்னரே காட்டியிருந்தன. எஞ்சியவை, ஏறக்குறைய நான்கில் ஒன்று, ஒன்றும் காட்டவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றிலும் 4.2 சதவீதம் ஏதோ ஓர் அடையாளத்தைக் காட்டின.

ஆகையால் மஞ்சள் நிறம் கண்டவுடன் டிஸ்க் இன்றே சாகும் என்று கலங்கவேண்டியதில்லை. நீல நிறம் கண்டு உறங்கிவிடவும் கூடாது. மஞ்சள் நிறம் நமக்குத் தரப்படும் தவணை. அந்தத் தவணைக்குள் என்ன செய்கிறோம் என்பதே காரியம்.

செய்யவேண்டியவை

முதலாவது, நகலெடுங்கள். சோதனை, திருத்தம், விசாரணை எல்லாம் அதற்குப் பின்பே. மறுபடியும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள். திரைப்படம் போனால் திரும்ப வரும், அப்பாவின் குரல் வராது. வாசிக்கமுடியாத கோப்பு ஒன்றில் கணினி தடுமாறினால் அதனோடு போராடாமல் அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது, நகலெடுத்து முடியும்வரை திருத்தும் நிரல்களை இயக்காதீர்கள். "செக் டிஸ்க்" போன்றவை ஏட்டைச் சரிசெய்யவே அமைந்தவை. தளர்ந்த டிஸ்கை அவை மணிக்கணக்கில் உழைக்கவைக்கும். சில வேளைகளில் கோப்புகளைத் துண்டுகளாக்கியும்விடும்.

மூன்றாவது, டிஸ்கிலிருந்து "டிக், டிக்" என்று தட்டும் ஒலி வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இன்னும் ஒருமுறை பார்ப்போம் என்று செருகும் ஒவ்வொரு தடவையும் தகட்டைச் சுரண்டக்கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்ற ஆலோசனையைக் கேளாதிருங்கள். ஈரம் படிந்தால் உள்ளதும் போய்விடும். பெட்டியை நாமே திறப்பதும் கூடாது. தூசியற்ற அறையுள்ள மீட்பு நிலையங்கள்தான் அதைத் திறக்கவேண்டும். அதற்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகும் என்பதையும், முழுவதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதையும் அறிந்து போங்கள்.

நான்காவது, நகலெடுத்தபின் எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஒருநாள் எண்ணைவிட அது ஏறும் வேகமே அதிகம் பேசும். ஏறாமல் நின்றாலும், அந்த டிஸ்கை இனி ஒரே பிரதிக்குரிய இடமாக வைக்காதீர்கள்.

ஐந்தாவது, மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற முறையைக் கைக்கொள்ளுங்கள். நமக்கு இது எளிது. ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகிறோம். ஒரு டிஸ்கை அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்து, அடுத்த முறை போகும்போது செருகிப் பார்த்துவிட்டு வரலாமே.

எஸ்.எஸ்.டி. வகை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் சுழலும் தகடு இல்லை, ஒலியும் இல்லை. நிரல் காட்டும் சதவீதம் பெரும்பாலும் எழுதும் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையே சொல்லும். 95 சதவீதம் காட்டிய நிலையிலேயே அது ஒரு காலையில் பேசாமற்போகக்கூடும். ஆகவே பிரதி அதற்கும் வேண்டும்.

எஞ்சியது ஒன்பது நிமிடங்கள்

அந்தத் தாயாரின் டிஸ்கை, கணினி பழுதுபார்க்கும் வாலிபர் ஒருவர் வாங்கிச்சென்றார். நல்ல பகுதிகளை முதலில் எடுத்து, கெட்ட இடங்களைக் கடைசியில் முயலும் ஒரு மீட்பு நிரலை இரண்டு நாட்கள் ஓடவிட்டார். படங்களில் பெரும்பகுதி கிடைத்தது. திண்ணையில் பேசிய காட்சி ஒன்பதாம் நிமிடம்வரை ஓடுகிறது. அதன்பின் படம் உறைந்து, குரல் நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த காரணத்தைச் சொல்லத் தொடங்கும் இடம் அது.

என் பிழையை நான் அவரிடம் அறிக்கையிட்டேன். "ஐயா, அந்தப் பெயர்க் காரணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் எழுதிவைத்துக்கொள்கிறேன்" என்றார். எழுதியும் வைத்தார். அந்த நோட்டையும், மீண்ட ஒன்பது நிமிடங்களையும் இன்று மூன்று இடங்களில் வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அதை எடுத்துச் செருகி, 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளையும் கடைசிப் பத்திவரை வாசித்து, நோட்டில் குறித்துவைக்கிறேன்.

உங்கள் வீட்டு டிஸ்கைக் கடைசியாக எப்பொழுது சோதித்தீர்கள்? இந்த இதழை மூடிவைக்குமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.